மரியா ஷெரிஃபோவிச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மரியா ஷெரிஃபோவிச்?

செர்பியாவின் பாப் பாடகி. 1984 நவம்பர் 14 அன்று கிரகுயேவட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். 2007இல் ஹெல்சிங்கியில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் ‘மோலித்வா’ என்ற பாட்டைப் பாடி வென்றார். யூரோவிஷன் பார்க்கிறவர்களிடம் பெயரைச் சொன்னால் சட்டென்று பிடிபடாது. கண்ணாடி போட்டு, முடியைக் குட்டையாக வெட்டி, கறுப்புக் கோட்டில் ஆடாமல் அசையாமல் நின்று பாடினாரே என்று சொல்லிப் பாருங்கள், “அட, அவரா!” என்பார்கள்.

அந்த ஒரு ராத்திரியோடு கதை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். செர்பியாவில் யாரும் அப்படி நினைப்பதில்லை. இதற்கு அப்புறம் வருகிறேன்.

பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

ஷெரிஃபோவிச். ஆங்கிலப் பத்திரிகைகள் செர்பிய எழுத்துகளின் தலையில் இருக்கும் குறிகளை உதிர்த்துவிட்டு அச்சடிப்பதால் பலர் ‘செரிஃபோவிக்’ என்று படித்துவிடுகிறார்கள். முதல் எழுத்து ‘ஷெ’, கடைசி எழுத்து மெல்லிய ‘ச்’.

பெயருக்குள்ளேயே கொஞ்சம் வரலாறு இருக்கிறது. ‘ஓவிச்’ என்று முடிந்தால் இன்னாருடைய பிள்ளை என்று பொருள். ஷெரிஃப் என்பது நமக்குத் தெரிந்த அரபுச் சொல் ஷரீஃப்தான், துருக்கியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஆட்டமான் ஆட்சியில் இருந்த மண் என்பதால் அரபு வேரும் ஸ்லாவிய வாலும் சேர்ந்த பெயர்கள் அந்தப் பக்கம் ஏராளம்.

குடும்பப் பின்னணி என்ன?

அம்மா வெரித்சா ஷெரிஃபோவிச்சும் பாடகி. ஆகவே மரியாவின் வீட்டில் பாட்டு பொழுதுபோக்கு இல்லை, அதுதான் தொழில்.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கிரகுயேவட்ஸ் தலைநகர் பெல்கிரேடுக்குத் தெற்கே உள்ள தொழிற்சாலை நகரம். யூகோ என்ற மலிவு விலைக் காரைத் தயாரித்த ஸஸ்தாவா ஆலை அங்கேதான் இருந்தது. செர்பியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா உடைந்து, பொருளாதாரத் தடைகள் வந்து, ஆலை படுத்துவிட்டது. 1999இல் நேட்டோ குண்டு வீசியபோது அந்த ஆலையும் தப்பவில்லை. மரியாவுக்கு அப்போது பதினான்கு வயது. செர்பியாவின் அந்தத் தலைமுறைக் குழந்தைகள் எல்லோரும் தடை, பணவீக்கம், அபாயச் சங்கொலி இவற்றுக்கு நடுவில்தான் வளர்ந்தார்கள், இவரும் அப்படித்தான்.

யூரோவிஷன் என்றால் என்ன? ஒரு பாட்டுப் போட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

1956 முதல் நடக்கும் போட்டி. ஒவ்வொரு நாட்டின் ஒளிபரப்பு நிறுவனமும் ஒரு புதுப் பாட்டை அனுப்பும். பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. இசைக்கருவி ஒலிப்பதிவிலிருந்து வரலாம், ஆனால் மரியா பாடிய காலத்து விதிப்படி எல்லாக் குரலும் நேரடியாக வந்தாக வேண்டும். பிறகு ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளுக்கு 12, 10, 8, 7 என்று ஒன்று வரை புள்ளி கொடுக்கும். சொந்த நாட்டுக்குப் போட முடியாது.

ஆர்ப்பாட்டம் பாட்டுக்காக மட்டும் இல்லை. யாருக்கு யார் பன்னிரண்டு போட்டார்கள், யார் போடவில்லை என்பதில் பழைய பகையும் புது நட்பும் ஊர் அறியத் தெரிந்துவிடும். செர்பியர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. யூகோஸ்லாவியா 1989இல் ஒருமுறை வென்றது, வென்றது குரோவேஷியாவைச் சேர்ந்த ரீவா என்ற இசைக்குழு. மூன்றே வருடத்தில் நாடே உடைந்தது. ஐ.நா. தடைகளால் 1993 தொடங்கி பெல்கிரேடுக்கு அந்த மேடை மூடியே கிடந்தது. 2004இல் செர்பியா-மான்டினீக்ரோ என்ற கூட்டு நாடாகத் திரும்பி வந்ததுமே ஜெல்கோ யோக்சிமோவிச் 263 புள்ளியோடு இரண்டாமிடம் பிடித்தார். அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

2007க்கு முன்பு மரியா என்ன செய்துகொண்டிருந்தார்?

சும்மா இருந்தவரைப் பிடித்துக்கொண்டு வந்து மேடையில் நிறுத்தவில்லை. 2003இல் ‘நை, நைபோல்யா’ (மிக மிகச் சிறந்தவள் என்று பொருள்) என்ற முதல் ஆல்பம் வந்தது. 2006இல் ‘பெஸ் ல்யுபாவி’, அதாவது காதல் இல்லாமல். உள்நாட்டு விழா மேடைகளிலும் ஏறி இறங்கியிருக்கிறார்.

அந்தக் காலத்து செர்பியத் தொலைக்காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாடகி என்றால் ஒரு அச்சு உண்டு. நாட்டுப்புற மெட்டோடு நடன இசையைக் கலந்த டர்போ ஃபோக் 1990களில் கொடிகட்டிப் பறந்தது, அதோடு பளபளக்கும் உடை, நீளக் கூந்தல், கனத்த ஒப்பனை எல்லாம் கட்டாயம் மாதிரி ஆகிவிட்டது. மரியா அந்த அச்சில் எந்தப் பக்கத்திலும் பொருந்தவில்லை. குரல் மட்டும் யாராலும் ஒதுக்க முடியாததாக இருந்தது: கனமான, சற்றுத் தழுதழுத்த, மேலே போகப் போக அகலமாகும் குரல்.

ஹெல்சிங்கிக்குப் போவதற்கு எப்படித் தேர்வானார்?

இதைச் சொல்ல ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். 2006 மார்ச்சில் செர்பியாவும் மான்டினீக்ரோவும் சேர்ந்து நடத்திய தேர்வுப் போட்டியில் மான்டினீக்ரோ நடுவர்கள் முன்னணியில் இருந்த செர்பியப் பாட்டுக்குப் புள்ளி போடாமல் விட, ‘நோ நேம்’ என்ற மான்டினீக்ரோ குழு வென்றுவிட்டது. பெல்கிரேட் அரங்கில் ஒரே கூச்சல், மேடை மேல் பாட்டில்கள் பறந்தன, வென்றவர்கள் பாடாமலே இறங்கிப் போனார்கள். கடைசியில் யாரையுமே அனுப்பாமல் நாடு போட்டியிலிருந்து விலகியது. 2006 மே 20 அன்று ஏதென்ஸில் யூரோவிஷன் இறுதி, மறுநாளே மே 21 அன்று மான்டினீக்ரோவில் பிரிவினை வாக்கெடுப்பு. 55 சதவீதம் வேண்டும் என்ற நிபந்தனையை 55.5 சதவீதத்தில் தாண்டிப் பிரிந்து போனது. பாட்டுப் போட்டியால் நாடு பிரிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆனால் வீடு எந்த நிலையில் இருந்தது என்பதை அந்தப் போட்டி முன்கூட்டியே காட்டிவிட்டது.

ஆக 2007இல் செர்பியா முதன்முறையாகத் தனி நாடாகப் பங்கேற்றது. பெயோவிஜியா என்ற உள்நாட்டுத் தேர்வு மார்ச் 8 அன்று நடந்தது, ‘மோலித்வா’ வென்றது. இசை விளாடிமிர் கிராயிச், வரிகள் சாஷா மிலோஷெவிச் மாரே. மரியாவுக்கு வயது 22.

‘மோலித்வா’வில் அப்படி என்னதான் இருக்கிறது?

மோலித்வா என்றால் பிரார்த்தனை. தூக்கம் வராத இரவு, காலியான படுக்கை, பிரிந்து போனவரின் பெயரே பிரார்த்தனையாகிவிடுவது, இதுதான் பொருள். கருத்தில் புதுமை ஒன்றும் இல்லை, உலகத்தில் பாதிக் காதல் பாட்டுகள் இதைத்தான் சொல்கின்றன. பாட்டைத் தூக்கி நிறுத்துவது அதன் கட்டுமானம். தாழ்ந்த குரலில், பேசுவது போலத் தொடங்குகிறது. பல்லவியில் குரல் திறக்கிறது. அப்புறம் கடைசிச் சுற்றுக்குச் சுருதி ஒரு படி ஏறும்போது, இதற்குமேல் இவரால் முடியுமா என்று நாம் நினைக்கும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே போகிறார்.

மேடையில் மரியாவோடு ஐந்து பெண்கள், எல்லோரும் கறுப்பு உடையில். ஆறு பேர் என்ற வரம்பு அதோடு சரி. நடனம் இல்லை, வெடி இல்லை. ஐவரும் அவரைச் சூழ்ந்தும் விலகியும் நிற்கிறார்கள், அவ்வளவுதான். முடிவில் கைகள் சேரும்போது உள்ளங்கைகளில் வரைந்திருந்த பாதி இதயங்கள் ஒன்றாகின்றன. பெரும்பாலானவர்கள் முதல் தடவையில் அதைக் கவனிப்பதே இல்லை. நானும் மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் பார்த்தேன், முதல் இரண்டு முறை முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த மேடையின் சூழலையும் யோசித்துப் பாருங்கள். முந்தைய வருடம் வென்றவர்கள் பின்லாந்தின் லோர்டி: பேய் முகமூடி, கொம்பு, ராக் இசை. 2007இல் இரண்டாமிடம் வந்த உக்ரைனின் வெர்கா செர்துச்கா வெள்ளித்தாள் சுற்றியது போன்ற உடையில், தலையில் நட்சத்திரத்தோடு குதித்தார். (அதுவும் அருமையான கூத்துதான், நான் குறை சொல்லவில்லை.) அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றபடியே பாடி ஜெயித்தார்.

புள்ளிகள் எவ்வளவு?

மே 10 அன்று நடந்த அரையிறுதியில் 28 பாட்டுகள், செர்பியா 298 புள்ளியோடு முதலிடம். மே 12 இறுதியில் 24 பாட்டுகள், செர்பியாவுக்கு 268. உக்ரைன் 235, ரஷ்யாவின் செரிப்ரோ 207. ஒன்பது நாடுகளிலிருந்து முழுப் பன்னிரண்டு கிடைத்தது.

அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றுக்கொன்று ஓட்டுப் போட்டுக்கொண்டதால்தானே வென்றார்?

அன்றிலிருந்து இன்று வரை கேட்கப்படும் கேள்வி இது. பாதி உண்மை. பன்னிரண்டு கொடுத்த ஒன்பதில் போஸ்னியா, குரோவேஷியா, ஸ்லோவேனியா, மாசிடோனியா, மான்டினீக்ரோ ஆகிய ஐந்தும் பழைய யூகோஸ்லாவியத் துண்டுகள். பக்கத்து நாடான ஹங்கேரி ஆறாவது. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் 1960களிலிருந்தே வேலைக்குப் போன யூகோஸ்லாவியக் குடும்பங்கள் நிறைய, தொலைபேசி ஓட்டில் அவர்கள் கை ஓங்கியிருக்கும். சரி. பின்லாந்து ஏன் பன்னிரண்டு போட்டது? அங்கே அப்படிப் பெரிய செர்பியக் கூட்டம் கிடையாது. அக்கம்பக்க ஓட்டு உங்களை ஐந்தாம் இடம் வரை தள்ளிக்கொண்டு போகும், முதலிடத்துக்கு மற்றவர்களும் வேண்டும்.

இன்னொன்று. குரோவேஷியாவும் போஸ்னியாவும் செர்பியாவோடு போர் முடித்துப் பன்னிரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. மான்டினீக்ரோ பிரிந்து போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவர்கள் அனுப்பிய பாட்டு அரையிறுதியிலேயே விழுந்துவிட்டது. அங்கிருந்தெல்லாம் பெல்கிரேடுக்கு முழுப் பன்னிரண்டு வருவதைச் சும்மா ‘அக்கம்பக்க ஓட்டு’ என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் புகாரால் விதிகள் மாறியது உண்மை. அந்த வருடம் அரையிறுதியிலிருந்து தேறிய பத்து நாடுகளில் மேற்கு ஐரோப்பிய நாடு ஒன்றுகூட இல்லை, மேற்கே ஒரே முணுமுணுப்பு. 2008இல் அரையிறுதியை இரண்டாகப் பிரித்தார்கள், 2009 இறுதிப் போட்டியில் மக்கள் ஓட்டோடு நடுவர் குழுவையும் சரிபாதி சேர்த்தார்கள்.

செர்பிய மொழியிலேயே பாடியது ஏன் பெரிய விஷயமாகப் பேசப்பட்டது?

1999இல்தான் எந்த மொழியிலும் பாடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். உடனே முக்கால்வாசி நாடுகள் ஆங்கிலத்துக்குத் தாவின, வென்ற பாட்டுகளிலும் ஆங்கிலம்தான். அந்த மாற்றத்துக்குப் பிறகு ஆங்கிலமே கலக்காமல் வென்ற முதல் பாட்டு ‘மோலித்வா’. அதற்கு முன்னால் 1998இல் ஹீப்ரூ பாட்டு, அதற்குப் பின்னால் 2017இல் போர்ச்சுகீசியப் பாட்டு, இரண்டுக்கும் நடுவில் இது ஒன்றுதான்.

கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது இதில். மோலித்வா என்ற சொல் குரோவேஷியம், பல்கேரியம், மாசிடோனியம், ரஷ்யம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதேதான். பாட்டின் மற்ற வரிகள் புரியாவிட்டாலும் தலைப்பு கிழக்கு ஐரோப்பாவில் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பே இல்லாமல் போய்ச் சேர்ந்தது. ‘டெஸ்டினி’ என்று ஆங்கிலத்திலும், ‘ருகோய்லென்’ என்று பின்னிஷிலும் பதிவு செய்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஆங்கிலத்தில் அது யாரும் பாடியிருக்கக்கூடிய பாட்டாகிவிடுகிறது.

காப்பியடித்த பாட்டு என்றார்களே?

வென்ற உடனே எழுந்தது அந்தப் பேச்சு. அல்பேனியப் பாடகி சோனி மலாய் 2006இல் பாடிய பாட்டின் சாயல் என்றார்கள். வெற்றி அப்படியே நின்றது, அவ்வளவுதான் இதில் இருக்கிறது.

வென்ற பிறகு ஊரில் என்ன நடந்தது?

மறுநாள் பெல்கிரேட் நகர மன்றத்தின் முன்னால் பல்லாயிரம் பேர் கூடி வரவேற்றார்கள். குண்டு, தடை, பிரிவினை என்றே செய்தியில் அடிபட்ட நாட்டுக்கு நல்ல சேதி ஒன்றுக்காகப் பெயர் வந்தது அபூர்வம்.

வென்ற நாடு அடுத்த வருடம் போட்டியை நடத்த வேண்டும் என்பது வழக்கம். அது லேசில் முடியவில்லை. 2008 பிப்ரவரி 17 அன்று செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோ சுதந்திரம் அறிவித்தது, பெல்கிரேடில் கலவரம், அமெரிக்கத் தூதரகத்துக்கே தீ வைத்தார்கள். போட்டியை வேறு ஊருக்கு மாற்ற வேண்டுமா என்ற பேச்சுகூட எழுந்தது. கடைசியில் மே மாதம் பெல்கிரேட் அரீனாவிலேயே நடந்தது, தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர் அதே ஜெல்கோ யோக்சிமோவிச். இறுதி விழாவை மரியாதான் ‘மோலித்வா’ பாடித் தொடங்கிவைத்தார். ரஷ்யாவின் திமா பிலான் வென்றார்.

அரசியலில் மாட்டிக்கொண்டது எப்படி?

2008 தொடக்கத்தில் செர்பியாவில் அதிபர் தேர்தல். தீவிர தேசியவாத ரேடிக்கல் கட்சியின் வேட்பாளர் தோமிஸ்லாவ் நிகோலிச்சுக்காக நடந்த கூட்டத்தில் மரியா பாடினார். அதே நேரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டாடிய கலாசார உரையாடல் ஆண்டுக்கான தூதர்களில் அவரும் ஒருவர். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளும் உள்நாட்டு விமர்சகர்களும் பிடித்துக்கொண்டார்கள். தேர்தலில் போரிஸ் தாதிச் வென்றார், நிகோலிச் தோற்றார். கட்சிக் கூட்டத்தில் பாடுவது பால்கன் பாடகர்களுக்குப் புதிதல்ல, கூலி கொடுத்தால் பாடுகிறார்கள் என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், எட்டு மாதத்துக்கு முன்னால் ஒன்பது நாடுகளிலிருந்து பன்னிரண்டு வாங்கிய ஆள் ஏற வேண்டிய மேடை அது இல்லை.

தன் பால் ஈர்ப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறாரா?

ஆமாம், ஆனால் உடனே இல்லை. ஹெல்சிங்கி மேடையில் பெண்கள் கைகோத்து நின்றதைப் பார்த்தே மேற்கத்திய நிருபர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். தனக்குப் பெண்கள் மீது ஈர்ப்பு என்று அவர் பொதுவில் சொன்னது 2013இல், ‘இஸ்போவெஸ்ட்’ (வாக்குமூலம்) என்ற ஆவணப்படம் மூலமாக.

அந்தக் காலத்தை மறக்காமல் பார்க்க வேண்டும். பெல்கிரேடில் 2010இல் தன்பால் ஈர்ப்பாளர்களின் உரிமைக்காக நடந்த பிரைட் ஊர்வலத்தின்போது பெரிய கலவரம் மூண்டது, 2011, 2012, 2013 மூன்று வருடமும் தொடர்ந்து தடை. அந்தத் தடையின் மூன்றாவது வருடத்தில்தான் நாட்டின் பெரிய நட்சத்திரம் ஒருவர் வாயைத் திறந்தார். சந்தை போய்விடும் என்று பயந்தவர்கள் பலர். போகவில்லை.

அப்படியானால் ‘ஒரு பாட்டுப் பாடகி’ இல்லையா?

இல்லை. நம்மைப் போல வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். யூரோவிஷனில் வென்றவர்களில் பலர் அடுத்த வருடத்துக்குள் காணாமல் போவது வாடிக்கை, அதனால் இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். செர்பிய மொழி புரியும் கூட்டம் செர்பியாவோடு நிற்பதில்லை: போஸ்னியா, மான்டினீக்ரோ, குரோவேஷியா என்று நாடுகள் பிரிந்தாலும் பேச்சு புரிகிறது. வியன்னாவிலும் சூரிச்சிலும் இருக்கும் புலம்பெயர்ந்தவர்கள் வேறு. அந்தச் சந்தைக்குள் ஒரு பாடகி ஆங்கிலத்தை நம்பாமலே காலம் முழுக்க நிறைந்த அரங்கில் பாட முடியும். மரியா அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். ‘நிஸாம் அன்ஜெயோ’ (நான் தேவதை இல்லை), ‘மோயே ப்ர்வோ ஸ்வே’ (என் முதல் எல்லாமும்) போன்ற பாட்டுகளை அங்கே கூட்டம் சேர்ந்து பாடும்.

2010களின் பிற்பகுதியில் ‘ஸ்வெஸ்தே கிராந்தா’ என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நடுவராகவும் உட்கார்ந்தார். கிராண்ட் புரொடக்‌ஷன் என்பது அந்தப் போட்டியைத் தயாரிக்கும் நிறுவனம், பாடகி லெபா ப்ரேனாவும் கூட்டாளிகளும் சேர்ந்து தொடங்கிய, நாட்டுப்புறப் பாப் இசையின் கோட்டை. 2007இல் இவரை ஐரோப்பியத் தரம் என்று கொண்டாடிய பெல்கிரேட் மேல்தட்டு ரசிகர்கள் சிலருக்கு இது உறுத்தியது. எனக்கு உறுத்தவில்லை. அச்சில் பொருந்தாத பெண் அச்சு வார்க்கிற இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அவருக்குப் பிறகு செர்பியா வென்றிருக்கிறதா?

2025 வரை இல்லை. 2012இல் பாகூவில் யோக்சிமோவிச் மூன்றாமிடம். 2022இல் தூரினில் கொன்ஸ்ட்ராக்தா என்ற பாடகி மேடையில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டே பாடி ஐந்தாமிடம். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பாடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

புதிதாகக் கேட்கப் போகிறேன், எங்கிருந்து தொடங்கலாம்?

ஸ்டூடியோ பதிவை விட்டுவிடுங்கள், ஹெல்சிங்கி இறுதிப் போட்டியின் காணொலியைத் தேடுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. முதல் ஒரு நிமிடம் சாதாரணமாகத்தான் இருக்கும், பொறுமையாக இருங்கள். கடைசிப் பல்லவிக்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்கும். அங்கே நிறுத்திவிடாமல் கைகள் சேரும் வரை பாருங்கள். அப்புறம் ‘நிஸாம் அன்ஜெயோ’ கேளுங்கள், அதே ஆள்தானா என்று ஒரு சந்தேகம் வரும்.